இடது மூன்று, வலது நான்கு

ஜூலை 6, ஞாயிறு

ஆரம்பித்துவிட்டோம். இடிகரையில் எவன் வீட்டிலும் நடக்காத வேலை என் வீட்டுக் கொட்டகையில் நடக்கிறது. 1951ஆம் வருஷத்து மோரிஸ் மைனர். அதன் தலையை மூன்று அங்குலம் வெட்டி இறக்கப்போகிறோம். கேட்கிறவனெல்லாம் "நல்லாத்தானுங்க இருக்குது, அதை ஏன் வெட்டறீங்க?" என்கிறான். இவர்களுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? கூரை தாழ்ந்து, கண்ணாடி ஒடுங்கி, வண்டி தரையோடு பதுங்கி நிற்கும் பாருங்கள், அதை நான் என் கண்ணுக்குள் பார்த்துவிட்டேன். படமாக வரைந்து சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் காரணம்.

மாப்பிள்ளை குமரவேல் காலையிலேயே கரூரிலிருந்து வந்துவிட்டார். என் தங்கை பூங்கொடியின் வீட்டுக்காரர். பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிங்கரிங் வேலைக்கெல்லாம் அவர்தான் தலை. தகடு அவர் கையில் சப்பாத்தி மாவு மாதிரி வளையும். நான் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன், தாமிரக் கம்பிக்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர் இல்லாவிட்டால் இந்த வேலை இல்லை. ஞாயிறுதோறும் கூலி வாங்காமல் வந்து செய்கிறார். எந்த மாப்பிள்ளை செய்வார்?

கூரையைத் தாங்கும் கால்களைப் பில்லர் என்பார்கள். பக்கத்துக்கு மூன்று. அவற்றை அறுக்கும் முன் உள்ளே குறுக்குக் குழாய்கள் வைத்துப் பற்றவைத்தோம். இல்லையென்றால் அறுத்ததும் பாடி விரிந்துகொள்ளும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது. இப்படி வெட்டிய வண்டியைச் சட்டப்படி ரோட்டில் ஓட்டக் கூடாது. அதற்கென்ன, ஆவணியில் பழைய கார் கண்காட்சி வருகிறது, லாரியில் ஏற்றிக்கொண்டு போவோம்.

பூங்கொடி வரவில்லை. "அவளுக்குத் தலைவலி மச்சான், படுத்திருக்கறா" என்றார். இரண்டு மாதமாகவே அவளுக்குத் தலைவலிதான்.

ஜூலை 10, வியாழன்

கடைக்குக் கிளம்பும் நேரத்தில் பூங்கொடி வந்து நிற்கிறாள். ஒரே ஒரு பை. பஸ்ஸில் வந்தாளாம். "என்ன கண்ணு, சொல்லாமக் கொள்ளாம?" என்றேன். "சும்மாதாண்ணா" என்றாள். சும்மா யாராவது கரூரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வருவார்களா? இந்த வெயிலில் மணிக்கட்டு வரை மூடின முழுக்கை ரவிக்கை வேறு. கேட்டால் அதுதான் இப்போது பேஷன் என்கிறாள்.

மத்தியானம் மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார். "சின்ன மனஸ்தாபம் மச்சான். நாலு நாள் அங்க இருக்கட்டும். நீங்க ஒண்ணும் கேட்டு வெச்சுராதீங்க, பாவம், சங்கடப்படுவா" என்றார். எவ்வளவு பெருந்தன்மை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

"கேட்டீங்களா?" என்றாள் வளர்மதி. என் மனைவிக்கு எதையும் நோண்டிப் பார்க்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி என்றால் நூறு இருக்கும், நீயும் நானும் சண்டை போடாததா என்றேன். "நாம சண்டை போட்டா தெருவுக்கே கேக்குமுங்க. இவ சத்தமே போடறதில்லீங்களே" என்றாள். இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஆகுமா? கடைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மாப்பிள்ளை வருவாரோ மாட்டாரோ என்று எனக்கு உதறல்தான். வந்துவிட்டார். கண்ணாடிகளையும் ரப்பர் பட்டிகளையும் கழற்றினோம். முன் கண்ணாடி தட்டையான இரண்டு துண்டு என்பதால் புதிதாக வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

வேலைக்கு நடுவே, "அம்மிணி, டீ கெடைக்குமா?" என்று வீட்டைப் பார்த்துப் பூங்கொடிக்குக் குரல் கொடுத்தார். டீயை வளர்மதிதான் கொண்டுவந்தாள். பூங்கொடி உள்ளறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறாளாம். தூங்குகிறாள் என்று நானும் மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து ஒரு தகடு நழுவித் தரையில் விழுந்தபோது உள்ளே சொம்பு உருளும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். "பயந்தாங்கொள்ளி" என்றார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. எதிர்வீட்டு ராஜாமணி வாத்தியார் வாசலில் பிடித்துக்கொண்டார். "தங்கச்சிய ஆடிக்கு அழைச்சுட்டு வந்தீங்களாக்கு? கல்யாணமாகி ஒம்பது வருசம் ஆச்சுங்களே!" என்று சிரிப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு, உங்களுக்கு பென்ஷன் வருகிறதா இல்லையா, அந்த வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வாத்தியாரை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் விஷயம் முடிவாகிவிட்டது. ஆடியில் அனுப்புவது வழக்கமில்லை. ஆவணி ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது, நல்ல நாள், மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார். போனில் வாக்குக் கொடுத்துவிட்டேன். பூங்கொடியிடம் சொன்னேன். "சரிண்ணா" என்றாள். சோறு வைக்கட்டுமா என்றாலும் சரிண்ணா, மின்விசிறியை நிறுத்தட்டுமா என்றாலும் சரிண்ணா. சின்ன வயதில் எனக்கு எதிர்ப் பேச்சு பேசாமல் ஒரு வாய் சோறு இறங்காது இவளுக்கு.

ஜூலை 20, ஞாயிறு

வெட்டிவிட்டோம்! இடது பக்கம் மூன்று பில்லரும்!

எப்படிக் குறித்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். என்னிடம் இருக்கும் அளவு டேப்பின் நுனிக் கொக்கி தேய்ந்து ஆடுகிறது. பட்டறைக்காரர்கள் யாரும் நுனியை நம்புவதில்லை. ஒன்று என்ற கோட்டைப் பிடித்துக்கொள்வார்கள், படிக்கும்போது அந்த ஒன்றைக் கழித்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை மேலே ஒன்றில் பிடித்தார், நான் கீழே நான்கில் கோடு போட்டேன். மூன்று அங்குலம். கிரைண்டர் சக்கரம் கோட்டின் மேல் மயிரிழை விலகாமல் போனது. தரையில் விழுந்த துண்டுகளை எடுத்து ஓரமாக அடுக்கி வைத்தேன். கூரையை ஜாக்கி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறோம்.

மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பூங்கொடிதான் பரிமாறினாள், நான் கட்டாயப்படுத்தியதால். ரசம் ஊற்றும்போது கரண்டி நடுங்கி இலைக்கு வெளியே சிந்தியது. "பரவால்ல அம்மிணி, பரவால்ல" என்று எவ்வளவு தன்மையாகச் சொன்னார். அவள் முகம்தான் ஏன் வெளுத்துப் போனதென்று தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

வளர்மதி மறுபடியும் ஆரம்பித்தாள். "ஏனுங்க, ஞாயித்துக்கெழமைன்னா அவ காலைல இருந்து பச்சத்தண்ணி குடிக்கறதில்லீங்க. சனிக்கெழம பொழுதோடவே மொகம் மாறிப்போவுது." விரதமாக இருக்கும் என்றேன். "எந்தச் சாமிக்கு?" என்றாள். கத்திவிட்டேன். நான் கத்தினதில் பூங்கொடி சமையலறை மூலையில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்குக் குரல் அடங்கிவிட்டது. சாப்பிடாமல் கடைக்குப் போனேன்.

ஜூலை 27, ஞாயிறு

கெட்டது போ.

மாப்பிள்ளை புது டேப் ஒன்று வாங்கி வந்தார். வலது பக்கம் குறிக்கும்போது "ஒண்ணுலதானுங்களே?" என்று கேட்டேன். "ம்" என்றார். நான் போன வாரம் போலவே நான்கில் கோடு போட்டேன். முன்னால், நடுவில், பின்னால், மூன்றுக்கும் அப்படியே. அவர் அறுத்தார். மூன்றாவது துண்டு விழுந்த பிறகு அதை எடுத்து, போன வாரத்துத் துண்டோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தார். ஒரு அங்குலம் கூடுதல். புது டேப்பின் கொக்கி நன்றாக இருந்ததால் அவர் நுனியையே மாட்டிப் பிடித்திருக்கிறார்.

இனிக் கூரையை இறக்கினால் வலது பக்கம் ஒரு அங்குலம் தாழ்ந்து, கழுத்துச் சுளுக்கிக்கொண்டவன் தலை மாதிரிதான் நிற்கும்.

நான், "பரவால்லீங்க மாப்ளை, எடது பக்கமும் ஒரு இஞ்ச் எடுத்துட்டாப் போச்சு" என்றேன். அவர் கோபப்படவில்லை. குரலை உயர்த்தவே இல்லை. "நான் எதுல புடிச்சேன் மச்சான்?" என்று கேட்டார். "நுனியில புடிச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்றேன். மறுபடியும் "நான் எதுல புடிச்சேன்?" என்றார். அதையே சொன்னேன். மறுபடியும் கேட்டார். அதே குரல், அதே சிரிப்பு. அவர் கையுறை போட்டிருந்தார். கையில் அந்தத் துண்டு, அறுத்த சூடு ஆறவில்லை. அதை என் மணிக்கட்டுக்கு மேலே வைத்தார். வைத்தார் என்று எழுதக் கூடாது, பட்டது. நான் கையை இழுக்கப் பார்த்தேன், அவருடைய இன்னொரு கை பிடித்துக்கொண்டிருந்தது. "எதுல புடிச்சேன், சொல்லுங்க." எவ்வளவு நேரம் கேட்டார் என்று தெரியவில்லை. கடைசியில் "நான்தானுங்க தப்பாக் குறிச்சுட்டேன்" என்றேன்.

உடனே துண்டை எடுத்துவிட்டார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சுதுல்ல" என்று முதுகில் தட்டினார். தண்ணீர் மொண்டு வந்து கையில் ஊற்றியதும் அவர்தான்.

நான் கவனமாக இருந்திருக்க வேண்டும். வேலையில் சூடு படுவது சகஜம்.

ஜூலை 28, திங்கள்

பூங்கொடிதான் மருந்து போட்டாள். வளர்மதி தேங்காயெண்ணெய் எடுத்து வந்தாள், பூங்கொடி தடுத்துவிட்டாள். "எண்ணெ வேண்டாம் அண்ணி, தண்ணியிலயே இருக்கட்டும். கொப்புளத்தை ஒடைக்காதீங்க. மூணாவது வாரம் தோலு உரியும், அப்பத்தான் அரிக்கும்" என்றாள். நர்சு மாதிரி பேசுகிறாள். எங்கே கற்றுக்கொண்டாளோ.

கை எப்படிச் சுட்டது என்று வளர்மதி கேட்டாள், கிரைண்டர் என்றேன். பூங்கொடி கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார். எனக்குத் தீக்காயக் களிம்பு வாங்கி வந்திருந்தார். நல்ல மனுஷன்தான், அன்றைக்கு வெயில், அலுப்பு, வேறென்ன.

இடது பக்கத்தை இன்றைக்கு வெட்டவில்லை. கண்காட்சி நெருங்குகிறது, முன்னால் எப்படித் தெரிகிறதென்று பார்ப்போம் என்று கூரையைக் கோணலாகவே இறக்கி, அங்கங்கே பொட்டு வைத்த மாதிரிப் பற்றவைத்தார். அதை டேக் என்பார்கள். பிடித்துக்கொள்ளும், பாரம் தாங்காது. "இன்னும் ரெண்டு வெக்கலாமுங்களா?" என்றேன். "போதும்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. வார்த்தை வாய் வரை வந்தது, கை எரிந்தது, பேசவில்லை.

போகும்போது மூடின கதவுக்கு வெளியே நின்று, "துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுக்க அம்மிணி, ரெண்டே வாரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயந்தரம் கட்டு மாற்றும்போது பூங்கொடி தலையைத் தூக்காமல் கேட்டாள்: "எத்தன தடவ கேட்டாருண்ணா?"

எனக்குப் புரியாத மாதிரி "என்னது?" என்றேன். புரிந்துதான் இருந்தது.

"ஒரே கேள்விய. நீ ஒத்துக்கற வரைக்கும் எத்தன தடவ கேட்டாரு?"

எண்ணவில்லை என்றேன். அவள் பஞ்சைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் இப்பெல்லாம் ரெண்டாவது தடவையே ஒத்துக்குவேன். மொத தடவையே ஒத்துக்கிட்டா, நடிக்கறயான்னு கேப்பாரு. அதுக்கும் சூடு உண்டு. ரெண்டாவதுதான் சரி."

பிறகு ரவிக்கைக் கையை முட்டிக்கு மேலே இழுத்துக் காட்டினாள். கறுத்தது, உரிந்தது, புதிது, பழையது. ஒன்பது வருஷத்தையும் கையில் எழுதி வைத்திருக்கிறான். என் தங்கை. எங்கள் அம்மா போன பிறகு நான் தலைவாரிவிட்ட பிள்ளை.

"ஏன் கண்ணு எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொல்லத்தாண்ணா ஓடியாந்தேன். வந்து நாலாம் நாளே அவரு உன் கொட்டாய்ல நின்னுட்டு டீ கேட்டாரு. நீ ஞாயிறு ஞாயிறு கூப்புட்டே. நான் உள்ள தாழ்ப்பாளுக்கு மேல கட்டிலையும் நவுத்திப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். உனக்குக் கிரைண்டர் சத்தந்தான் கேட்டுது."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கட்டை முடிச்சுப் போட்டுவிட்டு, கையைக் கழுவப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

கடை திறக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வளர்மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை இரண்டு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "எனக்குத் தெரியுமுங்க" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்து என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசினோம். கரூருக்குப் போய் அவனை நாலு அறை விட வேண்டும் என்று குதித்தேன். "நீங்க போயி அடிச்சா அவரு நல்லவரு, நீங்க கெட்டவரு. ஊரே அவருக்கு சாச்சி சொல்லும்" என்றாள் வளர்மதி. கடைசியில் பூங்கொடியைத்தான் கேட்டேன்: "நீ சொல்லு. நீ என்ன சொல்றயோ அதுதான்."

"நான் போகமாட்டேன்" என்றாள். நான் கேட்டதற்குச் சரிண்ணா சொல்லாமல் அவள் சொன்ன முதல் பதில் அது. சொல்லிவிட்டு, என்னை நம்பலாமா வேண்டாமா என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

அவனுக்குப் போன் போட்டேன். நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும், தங்கச்சி வரமாட்டாள் என்று சொல்ல வேண்டும். "சொல்லுங்க மச்சான்" என்றது அந்தக் குரல். கடையில் அவசர வேலை, நாளைக்கு நான் வீட்டில் இல்லை என்றேன். பொய். "ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்றான். இல்லை என்றேன். "அப்ப சரி, ஆவணி ஒண்ணுக்கு நேரா வந்தர்றேன்."

நாற்பத்திரண்டு வயது ஆம்பளை. ஒரு போனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. எனக்கு அவனைக் கண்டால் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவன் வரவில்லை. பூங்கொடி காலையில் நாலு இட்லி சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வக்கீலம்மா ஒருவரைப் போய்ப் பார்த்தோம். பூங்கொடியை மட்டும் உள்ளே அழைத்துப் பேசினார். வெளியே நானும் வளர்மதியும் பெஞ்சில். போலீசில் மனு கொடுப்பது, கோர்ட்டில் பாதுகாப்பு கேட்பது எல்லாம் இருக்கிறதாம். செய்வோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதலில் வரும்.

வளர்மதி எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்: "ஊட்டுக்குள்ள விடாதீங்க. கொட்டாய்க்குள்ளயும் வேண்டாம். தெருவுல வெச்சுப் பேசுங்க. நாலு பேரு பாக்கற எடத்துல அவரு கை நீளாது." வாத்தியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வாசலில் உட்கார்ந்திருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "பேப்பர் படிக்கற நேரந்தானுங்க, உக்காந்துக்கறேன்" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

வெள்ளைச் சட்டை, மல்லிகைப் பூ, இனிப்புப் பெட்டி. வாடகைக் காரில் வந்து இறங்கினான். நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

"அவ வரமாட்டாளுங்க" என்றேன்.

"யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா."

சிரித்தான். "யாரு சொன்னா மச்சான்?" மெதுவாக, பக்கத்தில் வந்து. என் கைத் தழும்பு அதுவாகவே எரிய ஆரம்பித்தது, சத்தியமாக. எதிர்வீட்டில் வாத்தியார் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவன் ஓரடி பின்னால் போய்க் குரலைச் சர்க்கரைப் பாகாக மாற்றிக்கொண்டான். "சரிங்க. சொந்தம், ஒறம்பரைக்குள்ள மனசுல ஒண்ணை வெச்சுட்டுப் பேசக் கூடாது. என் ஒழப்பு உங்க கொட்டாய்ல கெடக்குது. ஒண்ணு எம் பொண்டாட்டிய அனுப்புங்க. இல்லீன்னா வண்டியக் குடுங்க."

எனக்கு அந்த வண்டி என்ன என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டான். வண்டி என்னுடையது. கண்டுபிடித்தது நான், வாங்கியது நான், படம் வரைந்தது நான். அவன் கேட்டதில் நியாயமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள். அவளும் காத்திருந்தாள், அண்ணன் என்ன சொல்கிறான் என்று.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அவன் நம்பவில்லை. இழுவை லாரிக்குப் போன் போட்டான், என் காதில் விழும்படியாக. லாரி வர நேரமாயிற்று. அதுவரை வாசல் திட்டில் உட்கார்ந்து, "நல்லா யோசிச்சுக்கங்க மச்சான், இந்த மாதிரி பாடி இனிக் கெடைக்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் கொட்டகைக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தேன். சுவரிலிருந்த படத்தைக் கிழித்துச் சீட்டின் மேல் போட்டேன். அதுவும் போகட்டும்.

லாரிக்காரர் சின்னப் பையன் இல்லை, பழுத்த ஆள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மண்டை கோணலா இருக்குதுங்களே, நிக்குமுங்களா?" என்றார். "நீ இழு" என்றான் குமரவேல். கம்பி வடத்தை மாட்டி இழுத்தார்கள். முன் சக்கரம் சாய்வுப் பலகையில் ஏறும்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. டப், டப் என்று டேக்குகள் விட்டன. கூரை அப்படியே சறுக்கிக்கொண்டு பின்னால் வந்து தார் ரோட்டில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே வெளியில் வந்துவிட்டது.

பூங்கொடியும் வந்தாள். தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு, வாசலைத் தாண்டி, கேட்டருகில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவன் கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே அவனுக்கு மறந்துபோய்விட்டது. "யாரு டேக் வெச்சா?" என்றான்.

"நீங்க" என்றேன்.

"யாரு வெச்சா?"

"நீங்கதான்."

"யாருடா வெச்சா?" ஒன்பது வருஷத்தில் அவன் கத்தி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. வாத்தியார் எழுந்து தெருவில் இறங்கிவிட்டார். நான் வாயைத் திறக்கும் முன் பூங்கொடி சொன்னாள்: "நீங்கதான் வெச்சீங்க." குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே சொன்னாள். "உங்க தப்பு."

அவன் கை உயர்ந்தது. நான் நடுவே போய் நின்றேன். வேறொன்றும் பெரிதாகச் செய்யவில்லை, நின்றேன், அவ்வளவுதான். லாரிக்காரர் ஒன்றும் புரியாமல், "ஏனுங்க, அவங்கதான் சொல்லிப்போட்டாங்களே நீங்கதான்னு. அப்பறம் எதுக்குங்க திரும்பத் திரும்பக் கேட்டுட்டு? அக்கட்டால வாங்க, இந்தக் கூரையத் தூக்கணும்" என்றார். யாரோ சிரித்தார்கள். தெருவில் அத்தனை கண்களும் தன் கைமேல் இருப்பதை அவன் அப்போதுதான் பார்த்தான். கையை இறக்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூரையின் ஒரு முனையைத் தானே தூக்கினான். லாரிக்குப் பின்னால் அவன் காரும் போனது. இனிப்புப் பெட்டி வாசல் திட்டிலேயே இருந்தது, வளர்மதி அதை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

அவன் சும்மா இருக்கமாட்டான் என்று தெரியும். நாளைக்குக் காலையில் மனு கொடுக்கப் போகிறோம்.

சாயந்தரம் காலிக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். எண்ணெய்க் கறை, இரும்புத் துகள், வேறொன்றுமில்லை. பூங்கொடி வந்தாள்.

"வண்டி போச்சேன்னு இருக்குதாண்ணா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இன்றைக்கும் இவளிடம் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"இருக்குது கண்ணு. வயிறு எரியுது."

"எரியட்டும்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய், வளர்மதிக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்க உட்கார்ந்தாள்.